பழகிய அலுவலர் மாறுவது ஏன்?

கிளையில் பழகிய மேலாளர் மாற்றலாகிச் செல்லும்போது வாடிக்கையாளர்கள் வருந்துவதை நாங்கள் அறிவோம். தொழிலின் ஏற்ற இறக்கங்களை அறிந்தவர் போய்விட்டால், புதியவரிடம் அனைத்தையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறதே என்பது நியாயமான ஆதங்கமே. ஆயினும், இம்மாற்றத்திற்குத் தக்க காரணங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, பணியாளரின் வளர்ச்சி. பொதுத்துறை வங்கியில் புதிதாகச் சேரும் அலுவலர், பயிற்சிக் கல்லூரியில் பாடம் கேட்பதோடு, காசுப் பிரிவு, வைப்புகள், வேளாண் கடன், சிறுதொழில் கடன் எனப் பல பிரிவுகளிலும் நேரடியாகப் பழகுகிறார். 1928-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்திய வங்கியியல் மற்றும் நிதிக் கழகம் நடத்தும் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளைப் பணியில் இருந்தபடியே எழுதுகிறார். தேறினால் ஊதிய உயர்வு பெறுகிறார். அலுவலர் பதவிகள் பல படிநிலைகள் கொண்டவை. மேற்படிகளில் இருப்பவர் எல்லா வகைக் கடன்களையும் எடைபோட வேண்டும். பயிர்க்கடனின் நுணுக்கத்தைச் சிற்றூர்க் கிளையில்தான் கற்க முடியும். ஏற்றுமதிக் கடனுக்கு நகரக் கிளையே பள்ளிக்கூடம்.

இரண்டாவது, உங்கள் பணத்தின் பாதுகாப்பு. ஓர் இருக்கையில் ஒருவரே நெடுங்காலம் அமர்ந்திருந்தால், அங்கு நேரும் பிழையோ முறைகேடோ பிறர் கண்ணில் படாது. எனவேதான், முக்கியப் பொறுப்பில் உள்ளோரை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, தொடர்ந்து குறைந்தது 10 வேலைநாள்கள் கட்டாய விடுப்பில் அனுப்புமாறு ரிசர்வ் வங்கி பணித்துள்ளது. அந்நாள்களில் அப்பணியை வேறொருவர் பார்ப்பதால், மறைந்திருப்பது வெளிப்பட வாய்ப்புண்டு.

மாற்றலால் இழப்பும் உண்டு. கோப்பில் ஏறாத செய்திகள் அலுவலரோடு போய்விடுகின்றன. முன்னவர் வாய்மொழியாக அளித்த உறுதியைப் புதியவர் ஏற்க இயலாத நிலையும் எழுகிறது. ஆதலால், வட்டிச் சலுகையோ தவணை மாற்றமோ எதுவாயினும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலின் நிலையை விளக்கும் கடிதம் ஒன்றையும் ஆண்டுதோறும் கிளையில் அளித்து, ஒப்புதல் பெற்று வையுங்கள்.

தொழில் நடத்தும் வாடிக்கையாளர்களுக்கு இன்னொன்றும் சொல்வோம். உங்கள் நிறுவனத்தில் கணக்கையும் சரக்கிருப்பையும் ஒருவர் மட்டுமே அறிந்திருக்கிறாரா? இரண்டாமவர் ஒருவருக்கும் அவ்வேலையைக் கற்றுக்கொடுங்கள். முதலாமவரை ஆண்டுக்கு ஒருமுறை சில நாள்கள் விடுப்பில் அனுப்புங்கள். கற்றவருக்கு அது முன்னேற்றம், விடுப்பில் செல்பவருக்கு ஓய்வு, உங்களுக்கோ காப்பு.