கடின நீர்த் தொட்டிக்கு எந்தச் செடியை விற்பது?

அலங்கார மீன் வியாபாரத்தில் மீனால் வரும் மனஸ்தாபத்தை விடச் செடியால் வரும் மனஸ்தாபமே அதிகம். மீன் செத்தால் வாடிக்கையாளர் தன் கவனக்குறைவு என்று நினைத்துக் கொள்வார். செடி மூன்றாம் நாள் அழுகினால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் சொல்வார். அதிலும் சிக்லிட் வளர்ப்பவருக்குச் செடி விற்பது தனிக் கலை. சகோதர வியாபாரிகள் பலர் இது பற்றிக் கேட்டதால் இவ்வாரம் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சிக்லிட் எல்லாம் ஒரே தண்ணீரில் வாழ்பவை அல்ல. ஏஞ்சல், டிஸ்கஸ், ஒஸ்கார் போன்றவை தென் அமெரிக்க ஆறுகளுக்குரியவை; மென்மையான நீருக்குப் பழகியவை. ஆபிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா ஏரிகளின் மீன்களோ காரத்தன்மையுள்ள நீரில் வாழ்பவை. மலாவி ஏரியில் பீஎச் அளவு 8ஐ ஒட்டியும் தங்கனீக்காவில் 9ஐ ஒட்டியும் இருக்கும். (நாம் சமைத்துச் சாப்பிடும் திலாப்பியாவும், களப்புகளில் வாழும் கொரலியாவும் இதே குடும்பம்தான்.)

அடுத்து தண்ணீர். மகாவலித் தண்ணீர் மென்மையானது. ஆனால் மடவளைக்குப் பக்கத்தில் திகனப் பகுதியில் டொலமைட் பாறை இருக்கிறது. அத்தகைய பாறையூடாக ஊறிவரும் கிணற்று நீர் கடினமாக இருக்கும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும், சவர்க்காரம் நுரைக்காது. யாழ்ப்பாணமும் புத்தளத்தின் பல பகுதிகளும் சுண்ணக்கல் பூமி. ஆகவே செடி கேட்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எந்த ஊர், கிணறா குழாயா?" என்பதுதான்.

கடின நீரில் ஏன் சில செடிகள் சாகின்றன? செடிக்கு உணவு தயாரிக்கக் காபனீரொட்சைட்டு வேண்டும். பீஎச் 8ஐத் தாண்டிய நீரில் அது வாயுவாக மிகக் குறைவு. பெரும்பகுதி பைகாபனேற்றாக மாறியிருக்கும். பைகாபனேற்றைப் பயன்படுத்தத் தெரிந்த செடி வளரும், தெரியாதது பட்டினி கிடக்கும். வலிஸ்நேரியாவும் ஹோர்ன்வோர்ட்டும் தெரிந்த இனம். வலிஸ்நேரியா அந்த ஆபிரிக்க ஏரிகளிலேயே இயற்கையாக வளர்கிறது. கபோம்பா பார்க்க அழகு, விலையும் குறைவு. ஆனால் மென்மையான நீருக்குரியது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அதைக் கட்டிக் கொடுப்பது சரியான வியாபாரம் அல்ல.

அனுபியாசும் ஜாவா பன்னமும் வேறு வகை. இவை மிக மெதுவாக வளர்வதால் தேவையும் குறைவு. கிடைப்பதைக் கொண்டு சமாளிக்கும். மலாவியின் கற்பாறை மீன்கள் பாசி மேய்பவை. மெல்லிய இலை கண்டால் விடாது. அனுபியாசின் இலை தோல் போலத் தடித்தது என்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். ஜாவா பன்னத்தையும் அவை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. ஒன்றை மட்டும் வாங்குபவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்: இவ்விரண்டின் தண்டையும் மணலுக்குள் புதைக்கவே கூடாது, அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ கட்ட வேண்டும். மணலைக் கிளறும் மீனுக்கும் அதுவே தோது, பிடுங்கிப் போட அதற்கு ஒன்றும் இராது.

இனி நம் நாட்டுச் சொத்தான கிரிப்டோகொரைன். உலகமெங்கும் தொட்டிகளில் இருக்கும் வென்டி, பெக்கெட்டி, பார்வா ஆகிய இனங்கள் இலங்கைக்கே உரியவை. பெக்கெட்டியை 1885இல் பெயரிட்டு வெளியிட்டவர் பேராதனைப் பூங்காவின் அன்றைய பணிப்பாளர் ஹென்றி ட்ரைமன். இதே செடி 1990களில் அமெரிக்காவின் டெக்சாசில், சுண்ணக்கல் ஊற்றிலிருந்து வரும் சான் மார்கோஸ் ஆற்றில் பெருகிக் கிடப்பதைக் கண்டார்கள். யாரோ தொட்டிச் செடியை ஆற்றில் கொட்டியதன் விளைவென்றே கருதப்படுகிறது. பிறகு அதை அகற்றப் பெரும் பாடுபட்டார்கள். அவர்களுக்கு அது தொல்லை. நமக்கோ கடின நீரை இது தாங்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் இடம் மாற்றினால் கிரிப்டோவின் இலைகள் சில நாட்களில் கரைந்து போவதுண்டு. வேர் உயிரோடிருக்கும், சில வாரங்களில் புது இலை வரும். இதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். புத்தளத்தில் ஒருவர் என்னிடம் வாங்கிப் போய் நான்காம் நாள் தொலைபேசியில், "நானா, எல்லாம் கரஞ்சிட்டே!" என்றார். "வேரைத் தொடாதீங்க தம்பி, நான் சொன்னேன்தானே" என்றேன். அடுத்த மாதம் இன்னும் இருபது செடிக்குச் சொல்லி அனுப்பினார். இதை மணலில் நட்டு, அடியைச் சுற்றிக் கூழாங்கல் அடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மீன் தோண்டிவிடும். சிறு மண்சட்டியில் நட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆற்றில் பிடுங்கியதை மட்டும் வாங்காதீர்கள். இவற்றில் பல இனங்கள் அருகி வருகின்றன. பண்ணையில் வளர்த்தது நாட்டில் தாராளமாகக் கிடைக்கிறது.

மென்மையான தண்ணீர் உள்ளவர் மலாவி மீன் வளர்க்க விரும்பினால், முருகைக்கல் தேடி அலைய வேண்டாம்; முருகைக்கல் அகழ்வது சட்டவிரோதம். கழுவிய சுண்ணக்கல் துண்டுகளைத் தொட்டியில் போட்டாலே நீர் மெல்லக் கடினமாகும். கல் சுண்ணக்கல்தானா என்று பார்க்க ஒரு துளி வினாகிரி போதும், நுரைத்து எழும்பும்.

விலை பற்றி ஒரு வார்த்தை. அனுபியாஸ் விலை கூடியது என்று பலர் எடுக்கத் தயங்குகிறார்கள். ஒரு தாய்ச்செடியை நிழலான தொட்டியில் வைத்து, மூன்று நான்கு இலையும் கொஞ்சம் வேரும் இருக்கும்படி துண்டு துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு சிறு கல்லில் நூலால் கட்டி, வேர் பிடித்த பின் விற்றால் கல்லோடு சேர்த்து விலை சொல்லலாம். வாங்குபவருக்கும் வேலை மிச்சம், அப்படியே தொட்டியில் இறக்கி வைத்தால் சரி.