கல்நார் சிமெண்டுக் கூரைத் தகடு

கல்நார் சிமெண்டுக் கூரைத் தகடு என்பது போர்ட்லண்டு சிமெண்டுடன் கல்நார் இழைகளைக் கலந்து செய்யப்படும் நெளிவுத் தகடு ஆகும். பேச்சு வழக்கில் இது 'ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்' எனப்படுகிறது. விலை குறைவு, தீப்பிடிக்காத தன்மை, துருப்பிடிக்காமை, விரைவாக வேய முடிதல் ஆகிய காரணங்களால் சிறு வீடுகள், பட்டறைகள், கிடங்குகள், மாட்டுக் கொட்டகைகள் ஆகியவற்றில் இது பரவலாகப் பயன்படுகிறது. இதிலுள்ள இழைகள் தூசாகி நுரையீரலை அடைந்தால் புற்றுநோயை உண்டாக்கும் என்பதால் பல நாடுகள் இதைத் தடை செய்துள்ளன.

வரலாறு

ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் என்பவர் 1901-ஆம் ஆண்டில் இத்தகட்டைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். காகிதம் செய்வதைப் போலவே, இழையும் சிமெண்டும் கலந்த கூழைச் சல்லடை உருளையில் மெல்லிய ஏடாக எடுத்து, ஏட்டின்மேல் ஏடாகச் சுற்றித் தேவையான தடிப்பைப் பெறுவது இம்முறையாகும். நிலைத்திருப்பது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இதற்கு 'எட்டர்னிட்' எனப் பெயரிட்டார்.

கல்நாரின் வகைகள்

கல்நார் என்பது இழை வடிவில் இயற்கையாகக் கிடைக்கும் ஆறு சிலிகேட் கனிமங்களின் பொதுப்பெயர். இவற்றுள் வணிகத்தில் முதன்மையானவை கிரைசோடைல் (வெள்ளை), அமோசைட் (பழுப்பு), குரோசிடோலைட் (நீலம்) ஆகிய மூன்று. இன்று கூரைத் தகடுகளில் சேர்க்கப்படுவது பெரும்பாலும் கிரைசோடைல். அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆறு வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று உறுதி செய்யப்பட்ட முதல் தொகுதியில் வைத்துள்ளது.

உடல்நலக் கேடு

கல்நார் இழை நீளவாக்கில் மேலும் மேலும் மெல்லிய இழைகளாகப் பிளவுபடும். கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்ணிழைகள் மூச்சுக்காற்றுடன் நுரையீரலின் ஆழம் வரை செல்கின்றன. அயற்பொருளை விழுங்கி அகற்றும் உயிரணுக்களால் நீண்ட இழைகளை முழுமையாக விழுங்க இயலுவதில்லை. இதனால் தொடர்ந்து அழற்சி ஏற்பட்டுத் திசு தழும்பேறுகிறது. இவ்வாறு தோன்றும் நோய் கல்நார் நுரையீரல் நோய் எனப்படுகிறது. நுரையீரல் புற்றுநோய், குரல்வளைப் புற்றுநோய், சூலகப் புற்றுநோய், நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதீலியோமா ஆகியவையும் கல்நாரால் ஏற்படுகின்றன. புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பன்மடங்கு கூடுகிறது.

தூசைச் சுவாசித்ததற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே பல பத்தாண்டுகள் கழியலாம். இளம் வயதில் தகடு அறுத்த தொழிலாளி முதுமையில் நோயுறும்போது காரணம் அறியப்படாமல் போவதற்கு இதுவே முதன்மையான காரணம். பணியிடக் கல்நார்த் தூசால் உலகில் ஆண்டுதோறும் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இடர் ஏற்படும் சூழல்கள்

உடையாத நல்ல தகட்டில் இழைகள் சிமெண்டால் பிணைக்கப்பட்டிருப்பதால் அவை எளிதில் காற்றில் கலப்பதில்லை. அறுத்தல், துளையிடுதல், தேய்த்தல், உடைத்தல் ஆகியவற்றின்போதே இடர் மிகுகிறது. வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்த தகட்டின் மேற்பரப்பில் சிமெண்டு அரிக்கப்பட்டு இழைகள் வெளித்தெரியும். அத்தகைய கூரையிலுள்ள பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும், உயர் அழுத்த நீரைப் பாய்ச்சிக் கழுவுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

பழைய தகடு எளிதில் நொறுங்கும். அதன்மேல் நேரடியாகக் கால் வைத்து விழுந்து இறப்போரும் உள்ளனர். எனவே பணியின்போது சட்டங்களைத் தாங்கலாகக் கொண்டு பலகை இட்டே நடக்க வேண்டும்.

பாதுகாப்பாக அகற்றுதல்

* தகட்டின் மீது நீர் தெளித்து ஈரமாக்கிய பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.
* மின் இரம்பத்தைப் பயன்படுத்தாமல், கொக்கி ஆணிகளைக் கழற்றித் தகட்டை முழுதாக இறக்க வேண்டும். மேலிருந்து வீசக் கூடாது.
* நுண்துகள் வடிகட்டும் முகக்கவசம் அணிய வேண்டும். துணியோ துண்டோ இந்த இழைகளைத் தடுக்காது.
* துண்டுகளைத் தடித்த நெகிழி உறையில் இருமுறை பொதிந்து, எச்சரிக்கைக் குறியிட வேண்டும்.
* தரையை உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.
* பணி உடையை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. அதில் ஒட்டிய தூசால் குடும்பத்தினரும் நோயுற்றுள்ளனர்.

கட்டடக் கழிவை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருவது பசுமைக் கட்டுமானத்தின் அடிப்படைக் கொள்கை. கல்நார் இதற்கு விலக்கு. உடைந்த தகட்டைப் பள்ளம் நிரப்பவோ, வழித்தடத்தில் பரப்பவோ, பிற இடிபாடுகளுடன் அரைத்து மணலாக்கவோ கூடாது. அதற்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் புதைப்பதே வழக்கமான முறை.

சட்டநிலை

ஆஸ்திரேலியாவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியிலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-லும், கனடாவில் 2018-லும் தடை நடைமுறைக்கு வந்தது. ரோட்டர்டாம் உடன்படிக்கையின் இடர்ப்பொருள் பட்டியலில் கிரைசோடைலைச் சேர்க்கும் முன்மொழிவு பலமுறை வந்தும், சில நாடுகளின் எதிர்ப்பால் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை.

இந்தியாவில் கிரைசோடைல் இறக்குமதியும் தகடு உற்பத்தியும் தொடர்கின்றன. 1995-இல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளைப் பணியில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகள் வரை அல்லது பணி நீங்கிய பின் 15 ஆண்டுகள் வரை, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை, பேண வேண்டும் என ஆணையிட்டது.

இலங்கை 2018 சனவரி முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் திட்டமிட்டிருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி, கல்நார் ஏற்றுமதி நாடான ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கை தன் திட்டத்தை ஒத்திவைத்தது; தேயிலைத் தடையும் நீங்கியது.

மாற்றுப் பொருள்கள்

கல்நாருக்குப் பதிலாகப் பாலிவினைல் ஆல்ககால், மரக்கூழ் இழை போன்றவற்றைச் சேர்த்து அதே வடிவில் சிமெண்டுத் தகடு செய்யலாம். இதை அறுக்கும்போதும் சிலிக்காத் தூசு எழும் என்பதால் நீர் தெளித்தலும் முகக்கவசமும் தேவை. துத்தநாகப் பூச்சிட்ட எஃகுத் தகடு இலகுவானது, மறுசுழற்சிக்கு ஏற்றது. ஆனால் வெயிலில் விரைவில் சூடேறும். வெண்ணிறப் பூச்சு, உட்கூரை ஆகியவற்றால் வெப்பத்தைக் குறைக்கலாம். நாட்டு ஓடும் மங்களூர் ஓடும் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும். அவற்றுக்குக் கூடுதல் மரச்சட்டம் தேவைப்பட்டாலும், உடைந்த ஓட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.