அஜின்கோர்ட் போர்: டைனிங் டேபிளில் பிரான்ஸ் ஜெயிக்குமா?

1415 அக்டோபர் 25. வடக்கு பிரான்ஸின் அஜின்கோர்ட்டில், இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் சிறிய படை, தன்னைவிடப் பெரிய பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. அதே போரை நண்பர்கள் கூடி டேபிளில் ஆடலாம். பொம்மை வீரர்கள், பகடை, இன்ச் டேப் போதும்.

எப்படி ஆடுவது?

செஸ் போலக் கட்டங்கள் கிடையாது. யார் எத்தனை இன்ச் நகரலாம், அம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை விதிப் புத்தகம் சொல்லும். அம்பு பட்டதா, வீரர்கள் பயந்து ஓடினார்களா என்பதைப் பகடை சொல்லும்.

சேற்றுக்கும் விதி உண்டா?

உண்டு. அன்று பிரான்ஸை வீழ்த்தியது வில்லாளிகள் மட்டுமல்ல. மழையில் ஊறிய உழுத வயல், இருபுறமும் காடு. கவசத்தோடு சேற்றில் நடந்தே வீரர்கள் களைத்துப்போனார்கள். எனவே, சேற்றில் நகரும் தூரத்தைப் பாதியாக்கலாம்.

சிக்கல் எங்கே?

பிரான்ஸ் பக்கம் ஆடுபவருக்குத்தான் முடிவு தெரியுமே! ‘நான் வரலைப்பா’ என்று நின்றுவிட்டால்? நிஜத்திலும் பிரெஞ்சுப் படை முதலில் காத்துத்தான் நின்றது. ஹென்றிதான் முன்னேறி வந்து, அம்பு எய்து சீண்டினார். அதனால் இங்கிலாந்து முதலில் நகர வேண்டும்; அம்பு விழுந்ததும் பிரெஞ்சுக் குதிரைப்படை பொறுமையாக நிற்குமா, பாயுமா என்று பகடை உருட்ட வேண்டும் என விதி வைக்கலாம்.

பகடை கைகொடுத்தால் பிரான்ஸ் ஜெயிக்கவும் செய்யலாம். அதற்குத்தானே மறுபடி ஆடுவது!