நிரல் மறைப்பும் அதன் எல்லையும்

கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதியே நிரலாகும். அதனைப் பெறுவோன் கையில் அதன் உள்ளமைப்பும் உடன் செல்கின்றது. ஆதலின், பகைவர் அதனைப் பிரித்தறியாவண்ணம், ஆக்கியோர் அதன் வடிவைச் சிதைப்பர். ‘வட்டி’ என்றிருந்த பெயர் ‘அ1’ என்றாகும். நேரிய வழி சிக்கலாகும். பயனற்ற கட்டளைகளும் இடையிடையே புகும். எனினும் நிரல் தரும் விடை மாறாது.

இம்மறைப்பு முற்றுங் காக்குமோ? கணினி இயக்கும் கட்டளைகளைப் பொறுமையுடையோன் படிப்படியாக ஆராய்ந்தறிதல் கூடும். எந்நிரலையும் உள்ளிருப்பது சிறிதும் புலப்படாத பெட்டிபோல் ஆக்கவல்ல பொதுமுறை இல்லையென்பதைப் பராக் முதலிய அறிஞர் 2001 இல் நிறுவினர். முறைமை பகைவர்க்குத் தெரியினும், திறவுகோல் மறைவாயிருப்பின் காப்பு நிலைத்தல் வேண்டுமெனக் கெர்க்கோவ்ஸ் என்பார் 1883 இலேயே வகுத்தார்.

ஆகவே, மறைப்பு பகைவனைத் தாமதிப்பிக்கும் வேலியேயாம். வேலியை நம்பித் திறவுகோலை நிரலினுள் வைத்தல் தகாது.