பதினைந்து நிமிடச் சதுரங்கம்

வைகை அணையின் கணக்கைத் தேனி மாவட்டத்து மாணவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முழு மட்டம் 71 அடி. இன்றைய மட்டம் இவ்வளவு. நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி. வெளியேற்றம் இத்தனை கன அடி என்று நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கிறது. வரத்தைவிட வெளியேற்றம் மிகுந்தால் மட்டம் இறங்கும். மதுரைப் பக்கத்து விவசாயி கவலைப்படத் தொடங்குவார். இதே கணக்கைச் சதுரங்கப் பலகையின் அருகில் கொண்டுவந்து வைத்தால், 'விரைவுச் சதுரங்கம்' என்னும் ஆட்டம் பாதி விளங்கிவிடும்.

உலக விரைவுச் சதுரங்கப் போட்டியில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தொடக்கத்தில் 15 நிமிடம் கொடுக்கப்படுகிறது. இது அணையில் உள்ள இருப்பு. அவர் ஒவ்வொரு முறை காயை நகர்த்தும்போதும் 10 விநாடி கூடுதலாகக் கிடைக்கும். இது நீர்வரத்து. அவர் யோசிக்கும் நேரம் வெளியேற்றம். இருப்பு தீர்ந்துபோனால், பலகையில் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அவர் தோற்றவரே. (ராஜாவை மடக்கும் அளவுக்கு எதிராளியிடம் காய்களே இல்லையென்றால் மட்டும் ஆட்டம் சமன்.)

ஓர் ஆட்டம் 40 நகர்த்தல்கள் நடப்பதாகக் கொள்வோம். 15 நிமிடம் என்பது 900 விநாடி. நகர்த்தலுக்குப் பத்து வீதம் 400 விநாடி சேர்கிறது. ஆக 1300 விநாடி. ஒரு நகர்த்தலுக்குச் சராசரியாக முப்பத்திரண்டரை விநாடி! வழக்கமான பெரும் போட்டிகளில் முதல் 40 நகர்த்தல்களுக்கு 90 நிமிடமும், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதலும் தருகிறார்கள். அங்கே சராசரி 165 விநாடி. அதாவது, விரைவு ஆட்டத்தில் யோசிக்கக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குதான். அந்த ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் ஆடப்படும் ஆட்டம் ஐந்தில் ஒரு பங்கு தரத்தில் இருக்க வேண்டுமல்லவா? அப்படி இருப்பதில்லை என்பதுதான் வியப்பு.

ரியாத்தில் நடந்தது

2017-ஆம் ஆண்டு டிசம்பர் 26 முதல் 28 வரை சவூதி அரேபியாவின் தலைநகர் ரியாத்தில் இப்போட்டி நடைபெற்றது. மூன்று நாட்கள், நாளுக்கு ஐந்தாக மொத்தம் 15 சுற்றுகள். மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் அப்போது தம் 48-ஆம் பிறந்தநாளைக் கடந்து இரண்டு வாரங்கள்தான் ஆகியிருந்தன. அந்த மாதத் தொடக்கத்தில் லண்டனில் நடந்த போட்டியில் அவர் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2013 நவம்பரில், சொந்த ஊரான சென்னையிலேயே உலகப் பட்டத்தை நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சனிடம் இழந்திருந்தார். 2014-இல் சோச்சி நகரில் நடந்த மறு போட்டியிலும் தோல்வி. ஓய்வு எப்போது என்ற கேள்வி அவரைத் தொடர்ந்துகொண்டிருந்த காலம் அது.

ரியாத்தில் ஒன்பதாம் சுற்றில் அதே கார்ல்சன் எதிரில் அமர்ந்தார். ஆனந்திற்கு வாய்த்தவை கருப்புக் காய்கள். வயதிலோ 21 ஆண்டு வித்தியாசம். ஆனந்த் வென்றார். பதினைந்து சுற்றுகளில் ஆறு வெற்றி, ஒன்பது சமன், தோல்வியே இல்லை: மொத்தம் பத்தரைப் புள்ளி. ரஷ்யாவின் விளாதிமிர் பெதோசெயேவும் இயான் நெப்போம்னியாச்சியும் அதே புள்ளிகளைப் பெற்றிருந்தனர். விதிப்படி முதலிருவர் மட்டும் இன்னும் வேகமான மின்னல் ஆட்டங்கள் இரண்டை ஆட வேண்டியிருந்தது. இரண்டிலும் பெதோசெயேவை வென்று ஆனந்த் பட்டத்தைப் பெற்றார். கார்ல்சனுக்கு ஐந்தாம் இடம்.

அந்தப் போட்டியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மகளிர் பிரிவில் விரைவு, மின்னல் ஆகிய இரு பட்டங்களையும் அப்போது வைத்திருந்த உக்ரைன் நாட்டு அன்னா முசிசுக், பெண்களுக்கு அந்நாட்டில் இருந்த கட்டுப்பாடுகளை ஏற்க மறுத்துப் போட்டிக்கே செல்லவில்லை. ஆடாமலே இரண்டு பட்டங்களையும் இழந்தார். வென்றவர்களின் பெயர்களோடு இந்தப் பெயரும் நினைவில் இருக்கட்டும்.

கணக்கிட்டு முடியுமா?

முப்பது விநாடியில் மூளை என்ன செய்கிறது? எல்லா வழிகளையும் கணக்கிட்டுப் பார்க்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1950-இல் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இதை எண்ணிப் பார்த்தார். ஒரு நிலையில் ஏறத்தாழ 30 நகர்த்தல்கள் சாத்தியம்; எதிராளிக்கும் அப்படியே. இருவரும் ஒரு முறை நகர்த்தினால் சுமார் ஆயிரம் வழிகள். நாற்பது முறை நகர்த்தினால் ஆயிரத்தை நாற்பது தடவை பெருக்க வேண்டும். விடை, ஒன்றையடுத்து 120 சுழிகள்! விநாடிக்கு நூறு கோடி வழிகளைப் பார்க்கும் எந்திரம் இருந்தாலும், அதற்குத் தேவைப்படும் ஆண்டுகளை எழுத ஒன்றையடுத்து நூறு சுழிகளுக்கு மேல் போட வேண்டும். அண்டத்தின் வயதோ வெறும் 1380 கோடி ஆண்டுகள். ஆகவே கணக்கீடு மட்டும் விடையாக இருக்க முடியாது.

விடையின் ஒரு பகுதியை நம் போடிநாயக்கனூரில் காணலாம். அங்கே ஏலக்காய் ஏலம் நடக்கிறது. வியாபாரிகளின் முன் மாதிரிக் காய்கள் வருகின்றன. கையில் அள்ளுகிறார், நிறத்தைப் பார்க்கிறார், பருமனைப் பார்க்கிறார், விரலால் உருட்டுகிறார். சில விநாடிகளில் விலை மனத்தில் விழுந்துவிடுகிறது. அவர் எந்தச் சூத்திரத்தையும் போட்டுப் பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான மாதிரிகளைத் தொட்ட கை, 'இது அந்த ரகம்' என்று அடையாளம் கண்டுகொள்கிறது. புதிதாக வந்த ஒருவருக்கு அதே காய்கள் வெறும் பச்சைக் குவியல்தான்.

சதுரங்கத்திலும் இதுவே நடக்கிறது என்பதை 1973-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகிய இருவர் சோதித்துக் காட்டினர். (சைமன் 1978-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்றவர்.) உண்மையான ஆட்டமொன்றின் நடுவில் எடுத்த நிலையை ஐந்து விநாடி காட்டினார்கள். பிறகு மறைத்துவிட்டு, வேறொரு பலகையில் அதை அப்படியே அடுக்கச் சொன்னார்கள். சுமார் 25 காய்களில் தேர்ந்த ஆட்டக்காரர் 16 காய்களைச் சரியாக வைத்தார்; நடுத்தர ஆட்டக்காரர் எட்டு; தொடக்கக்காரர் நான்கு. இதைக் கேட்டால் தேர்ந்தவருக்கு நினைவாற்றல் அதிகம் என்றுதானே தோன்றும்? அடுத்த சோதனை அதைத் தகர்த்தது. அதே காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோது, மூவரும் மூன்று நான்கு காய்களுக்கு மேல் தேறவில்லை!

தேர்ந்தவரின் மூளை காய்களைத் தனித்தனியே பார்ப்பதில்லை. கோட்டை கட்டிய ராஜா, அவர் முன் மூன்று சிப்பாய்கள், பக்கத்தில் ஒரு யானை என்ற தொகுதியை அது ஒரே சொல்லைப் படிப்பதுபோல் படிக்கிறது. 'முல்லைப்பெரியாறு' என்ற சொல்லை நீங்கள் எழுத்துக் கூட்டியா படிக்கிறீர்கள்? இத்தகைய தொகுதிகள் பல்லாயிரம் அவர் நினைவில் சேர்ந்திருக்கும் என்று சைமன் மதிப்பிட்டார். தொகுதி தெரிந்தவுடன் அங்கே ஆடத்தக்க இரண்டு மூன்று நகர்த்தல்களும் கூடவே தோன்றிவிடுகின்றன. கிடைக்கும் முப்பது விநாடியில் அந்த இரண்டு மூன்றைச் சரிபார்த்தால் போதும்.

இந்தச் சேமிப்பை ஆனந்த் சிறுவயதிலேயே தொடங்கிவிட்டார். ஆட்டத்தை அவருக்குச் சொல்லித்தந்தவர் தாயார் சுசீலா. சென்னையில் மிகயீல் தால் பெயரால் இயங்கிய சதுரங்கக் கழகத்தில் வென்றவர் எழுந்திருக்க வேண்டியதில்லை, தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்ற முறையில் மின்னல் ஆட்டங்கள் நடக்கும். வேகமாக ஆடிய அச்சிறுவனுக்கு 'மின்னல் சிறுவன்' என்று பெயர் வந்தது.

வயது ஏற ஏற மூளையின் வேகம் குறைகிறது, இதை மறுப்பதற்கில்லை. தொகுதிகளின் சேமிப்போ அவ்வளவு எளிதில் கரைவதில்லை. ஆனால் இதை வைத்து, விரைவுச் சதுரங்கம் மூத்தவர்களின் ஆட்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2022 பிப்ரவரியில், இணையவழி நடந்த விரைவுப் போட்டியொன்றில், சென்னையைச் சேர்ந்த 16 வயது பிரக்ஞானந்தா கருப்புக் காய்களுடன் கார்ல்சனை வென்றார். இளம் வயதிலேயே சேமிப்பு நிறைந்துவிட்டால் வேகமும் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன.

கடிகாரத்தின் கதை

1851-இல் லண்டனில் நடந்த பெரும் போட்டியில் கடிகாரமே கிடையாது. எதிராளி சலித்துப் போகும்வரை யோசிக்கலாம். பத்தாண்டு கழித்து ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணற்கடிகாரம் வைத்தார்கள். 1883-இல் இரட்டைக் கடிகாரம் வந்தது: ஒன்றை நிறுத்தினால் மற்றது ஓடும். நகர்த்தலுக்கு நகர்த்தல் நேரம் சேர்க்கும் கடிகாரத்துக்கு 1989-இல் காப்புரிமை பெற்றவர், முன்னாள் உலக வீரர் பாபி பிஷர். இன்றைய கடிகாரங்களின் உள்ளே இருப்பது உங்கள் கைக்கடிகாரத்தில் உள்ளது போன்ற ஒரு குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரங்களில் அது பெரும்பாலும் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திர எண்? பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள். விடை ஒன்று, அதாவது சரியாக ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு.

சேஸும் சைமனும் செய்த சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். இரண்டு பலகைகள், ஒரு கைக்கடிகாரம், ஒரு துண்டு ஆகியவை போதும். நாளிதழில் வெளியாகும் ஆட்டமொன்றின் இருபதாம் நகர்த்தலில் உள்ள நிலையை அடுக்கி, நண்பருக்கு ஐந்து விநாடி காட்டித் துண்டால் மூடுங்கள். அவர் சரியாக வைத்த காய்களை எண்ணுங்கள். பிறகு அதே காய்களை உங்கள் தம்பியோ தங்கையோ மனம்போனபடி அடுக்கட்டும். மறுபடி காட்டி எண்ணுங்கள். நன்கு ஆடுபவர், அரைகுறையாக ஆடுபவர், ஆடவே தெரியாதவர் என மூவரிடம் இதைச் செய்து, ஆறு எண்களையும் ஓர் அட்டவணையில் குறித்து வையுங்கள்.