நாலு மணிக்கு வெளிக்கிடும் அம்மா

பின்னேரம் நாலு மணியானால் அம்மா உடுப்புகளைத் துணியில் முடிந்துகொண்டு படலையடிக்கு வந்துவிடுவா. "குமுதினி வெளிக்கிட்டிட்டுதோ பிள்ளை?" நெடுந்தீவுப் படகைத்தான் கேட்கிறா. அம்மா பிறந்தது அங்கே, நாங்கள் இருப்பதோ வேலணையில். "இதுதானணை வீடு" என்று மறித்தால் கத்துவா, கையைத் தட்டிவிடுவா. அறளை பேந்திட்டுது, நித்திரைக் குளிசை வாங்கிக் கொடு என்று அயலுக்குள் சொல்வார்கள்.

குளிசை கடைசி வழியாகத்தான் இருக்கவேண்டும். ஆவேசத்தை அடக்கக் கொடுக்கும் மனநோய் மருந்துகள் மறதிநோயுள்ள முதியவர்களின் சாவு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. டொக்டர் தந்ததை நாமாக நிறுத்தவும் கூடாது. ஆனால் குணம் திடீரென மாறினால் முதலில் உடம்பைப் பார்க்கவேண்டும்: சலத்தில் கிருமி, மலச்சிக்கல், எங்காவது நோவு. அம்மா இரவிரவாக அலைந்த ஒரு கிழமைக்குக் காரணம் மலச்சிக்கல்தான்.

நேற்று நடந்தது அழிந்து, அறுபது வருசத்துக்கு முந்தியது மிஞ்சுவதுதான் மறதிநோய். வாதாடி வெல்ல முடியாது. "உங்கட வளவுக் கல்வேலியை ஆரணை கட்டினது?" என்று கேட்பேன். கதை தொடங்கும், முடிச்சு மடியில் இறங்கும். இப்போது மூன்று மணிக்கே சார்வோலையைக் கையில் கொடுத்துவிடுகிறேன். பேர்கள் மறந்தாலும் விரல்கள் பெட்டி இழைக்க மறக்கவில்லை. பழகிய கைவேலையின் நினைவு மூளையில் வேறிடத்தில் இருப்பதால் அது நீண்டகாலம் நிற்கும். மைம்மலுக்கு முன்னரே லைற்றைப் போட்டால் நிழலைக் கண்டு பயப்படுவதும் குறைகிறது.

எல்லா நாளும் பழங்கதை உதவாது. 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களில் அம்மாவுக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அந்த நினைவு வந்து அழும் நாளில் நான் ஒன்றும் கேட்பதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடி மட்டும் நடப்போம்.

பார்ப்பவருக்கு நித்திரை இல்லாவிட்டால் இந்தப் பொறுமை எங்கிருந்து வரும்? கோவாவில் 81 குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வொன்று 2008இல் வெளியானது. குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் வீடு வீடாகப் போய், நோயை விளக்கி, பராமரிப்பவரின் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். பராமரிப்பவர்களின் மனவேதனை குறைந்தது. கர்ப்பிணி வீட்டுக்குக் குடும்பநல மாது வருவதுபோல எங்கள் தீவுகளில் மறதிநோய் வீட்டுக்கும் ஒருவர் வரவேண்டும். இங்கே பல வீட்டுப் பிள்ளைகள் கனடாவில்.

ரொறன்ரோவிலிருந்து அண்ணன் அனுப்பும் காசு பெரிய உதவிதான். ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவுக்கு வருகிறார். இரண்டு இரவு அம்மாவோடு படுக்கச் சொல்லியிருக்கிறேன். நான் மகள் வீட்டில் போய் நித்திரை கொள்ளப்போகிறேன்.