மலையேற்றம்: ஒரு விளையாட்டின் வடிவங்களும் உழைப்புறவுகளும்

1

மனிதன் மலைமீது ஏறுவது புதிய செயலன்று. வேட்டைக்கும் தேனுக்கும் மேய்ச்சலுக்கும் வழிபாட்டிற்குமாக அவன் காலங்காலமாக மலையேறியே வந்துள்ளான். தேனெடுப்போர் மூங்கிற் கணுக்களைப் படியாகக் கொண்ட ‘மால்பு’ எனும் ஏணியின் துணையுடன் செங்குத்துப் பாறைகளில் ஏறியமையைச் சங்கச் செய்யுள்கள் அறிந்துள்ளன. சிவனொளிபாதமலையில் ஆண்டுதோறும் பெருந்தொகையான மக்கள் ஏறுகின்றனர். ஆயினும் இவற்றை நாம் விளையாட்டு என்பதில்லை. முன்னதில் ஏறுதல் பிழைப்புக்கான உழைப்பு. பின்னதில் அது வழிபாட்டின் ஓர் அங்கம். தேனோ தெய்வமோ வேண்டாது, ஏறுதலையே இலக்காகக் கொண்டு ஒருவன் மலைக்குச் செல்லும்போதுதான் மலையேற்றம் விளையாட்டாகின்றது.

இவ்வாறு செல்வதற்கு ஓய்வுநேரம் வேண்டும். ஓய்வுநேரத்தைத் தரும் உபரியும் வேண்டும். எனவே மலையேற்றம் எனும் விளையாட்டு குறிப்பிட்டதொரு சமூக அமைப்பின் விளைபொருளாகும். அதன் பல்வேறு வடிவங்களை விளக்குவதும், ஒவ்வொரு வடிவத்தினுள்ளும் மறைந்துகிடக்கும் உழைப்புறவுகளை இனங்காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2

இவ்விளையாட்டின் பிறப்பிடம் அல்ப்ஸ் மலைத்தொடராகும். 1760 இல் ஜெனீவாவைச் சேர்ந்த விஞ்ஞானி டி சோசூர், மொன் பிளாங்கின் உச்சிக்கு வழி காண்போருக்குப் பரிசளிப்பதாக அறிவித்தார். 1786 ஆகஸ்ட் 8 ஆம் திகதி அவ்வுச்சியை முதலில் அடைந்தவர்கள் இருவர். ஒருவர் மிஷேல் பக்கார் என்னும் மருத்துவர். மற்றவர் மலைகளிற் பளிங்குக் கற்களைத் தேடி விற்றுப் பிழைத்த ஷாக் பல்மா. அடுத்த ஆண்டு சோசூர் தாமும் உச்சிக்குச் சென்றார். அவருடன் சென்ற வழிகாட்டிகள் 18 பேர். விஞ்ஞான ஆர்வம் நகரத்திலிருந்து வந்தது; மலையைப் பற்றிய அறிவும் சுமை தூக்கும் தோள்களும் மலைக்கிராமத்திலிருந்து வந்தன. இவ்வுழைப்புப் பிரிவினை அன்று தொடங்கி இன்றுவரை தொடர்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்புரட்சியினால் வளம்பெற்ற பிரித்தானிய மத்தியதர வர்க்கம் இவ்விளையாட்டைத் தனதாக்கிக்கொண்டது. 1857 இல் இலண்டனில் அமைக்கப்பட்ட அல்பைன் கழகத்தில் வழக்கறிஞரும் மதகுருமாரும் கல்விமான்களும் நிறைந்திருந்தனர். பெண்களுக்கு அக்கழகத்தின் கதவு 1970 களின் நடுப்பகுதி வரை மூடியே இருந்தது.

1865 யூலை 14 ஆம் திகதி எட்வேட் விம்பர் தலைமையில் எழுவர் மற்றர்ஹோர்ன் சிகரத்தை முதன்முதலாக அடைந்தனர். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். உயிர் தப்பிய மூவருள் விம்பர் ஒருவர். ஏனைய இருவரும் தௌக்வால்டர் என்னும் உள்ளூர் வழிகாட்டியும் அவருடைய மகனுமாவர். தந்தையே கயிற்றை வெட்டினார் என்ற வதந்தி பரவிற்று. விசாரணை அவரைக் குற்றமற்றவரெனக் கண்டபோதிலும், ஐயம் அவரை விட்டகலவில்லை. வெற்றியின் புகழ் கனவானுக்கும் விபத்தின் பழி கூலிக்காரனுக்கும் சென்றமை தற்செயலானதன்று.

3

இன்று மலையேற்றம் என்ற பொதுப்பெயரின் கீழ் ஒன்றிலிருந்து ஒன்று பெரிதும் வேறுபடும் பல வடிவங்கள் அடங்குகின்றன. அவற்றுள் முக்கியமானவற்றை நோக்குவோம்.

முதலாவது அல்பைன் பாணி. இருவரோ மூவரோ தமது உணவையும் கூடாரத்தையும் கயிற்றையும் தாமே சுமந்து, ஒரே முயற்சியில் உச்சிக்குச் சென்று திரும்புவர். இடையில் நிலையான முகாம்கள் இரா. சுமை குறைவாதலால் வேகம் கூடும். ஆனால் வானிலை மாறின் ஒதுங்க இடமிராது.

இரண்டாவது முற்றுகைப் பாணி. அடிவார முகாமிலிருந்து படிப்படியாக மேல்முகாம்களை அமைத்து, வழிநெடுகக் கயிறுகளை நிலையாகப் பொருத்தி, உணவையும் ஒட்சிசன் கொள்கலங்களையும் மேலே சேர்த்து, இறுதியில் ஓரிருவரை உச்சிக்கு அனுப்புவது இம்முறை. ‘முற்றுகை’, ‘தாக்குதல்’, ‘வெற்றிகொள்ளல்’ என்னும் இதன் சொற்களே இராணுவத்திலிருந்து பெறப்பட்டவை. 1953 மே 29 ஆம் திகதி எட்மண்ட் ஹிலரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ற்றின் உச்சியில் நிற்பதற்கு ஏறத்தாழ 350 சுமைதூக்கிகள் அடிவாரம் நோக்கி நடக்கவேண்டியிருந்தது. அடி பரந்து நுனி குறுகிய ஒரு கூம்பகத்தின் உருவம் இது.

மூன்றாவது பாறையேற்றம். இதில் உச்சியைவிட ஏறும் வழியே முதன்மை பெறுகின்றது. ஆணிகளையும் சிறு ஏணிகளையும் பற்றி ஏறுவது துணைக்கருவி ஏற்றம். கை, கால்களால் பாறையை மட்டுமே பற்றி ஏறுவது சுயேச்சை ஏற்றம். பின்னதிலும் கயிறு உண்டு. ஆனால் அது விழுபவரைத் தாங்குவதற்கேயன்றி மேலே இழுப்பதற்கன்று. யோசெமிற்றிப் பள்ளத்தாக்கிலுள்ள எல் கப்பித்தான் என்னும் பெரும்பாறையின் ‘மூக்கு’ எனப்படும் வழியில் 1958 இல் வொரன் ஹார்டிங் குழுவினர் துணைக்கருவிகளுடன் ஏறினர். 1993 இல் லின் ஹில் என்ற பெண் அதே வழியைச் சுயேச்சையாக ஏறி முடித்தார். அதற்குமுன் எவரும் அதனைச் செய்ததில்லை. கயிறே இன்றித் தனியாக ஏறுவது மற்றொரு கிளை. 2017 யூன் 3 ஆம் திகதி அலெக்ஸ் ஹொனோல்ட் அப்பாறையின் வேறொரு வழியில் அவ்வாறு ஏறினார். சிறு பாறைகளில், கீழே மெத்தையிட்டுக் கயிறின்றி ஏறும் ‘போல்டரிங்’ இன்னொரு கிளையாகும்.

நான்காவது பனிக்கட்டி ஏற்றம். உறைந்த அருவிகளிலும் பனிச்சுவர்களிலும் கோடரியும் காலணியிற் பூட்டும் முள்ளிரும்பும் கொண்டு ஏறுவது இது. 1908 அளவில் பத்து முட்கள் கொண்ட காலிரும்பை வடிவமைத்தவர் ஒஸ்கார் எக்கென்ஸ்ரைன் என்னும் புகையிரதப் பொறியியலாளர்; அதனைச் செய்து கொடுத்தவர் கிரிவெல் என்னும் இத்தாலியக் கொல்லர். அதற்குமுன் பனிச்சரிவில் ஒவ்வொரு படியையும் வழிகாட்டி கோடரியால் வெட்டவேண்டியிருந்தது. கருவியின் வளர்ச்சி உழைப்புறவையும் மாற்றிற்று. படி வெட்டும் ஆள் தேவையற்றுப்போனதும் வழிகாட்டியின்றி ஏறுதல் எளிதாயிற்று.

ஐந்தாவது போட்டி ஏற்றம். செயற்கைச் சுவர்களில் நிகழும் இதில் உயரம், கடினம், வேகம் என்பன அளவிடப்படுகின்றன. 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது. இதற்கு மலையே தேவையில்லை. நகரத்துத் தொழிலாளியின் பிள்ளைக்கும் இவ்வடிவம் எட்டக்கூடும் என்பது இதன் நற்கூறு; சுவரும் கட்டணத்திற்கு விற்கப்படும் பண்டமாயிற்று என்பது மறுகூறு.

4

மலையேற்றத்தின் வரலாறு கனவான்களின் வரலாறு மட்டுமன்று. 1895 இல் வியன்னாவில் சமதர்மவாதிகள் ‘இயற்கையின் நண்பர்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கித் தொழிலாளரை மலைகளுக்கு அழைத்துச் சென்றனர். ஜேர்மனிய, ஒஸ்திரிய அல்பைன் கழகமோ 1924 இல் யூதர் பெரும்பான்மையாயிருந்த தன் கிளையொன்றை வெளியேற்றியது. நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் ‘இயற்கையின் நண்பர்கள்’ தடைசெய்யப்பட்டது. 1938 இல் ஜேர்மனியர் இருவரும் ஒஸ்திரியர் இருவரும் ஐகரின் வடமுகத்தை ஏறியபோது, அவ்வேற்றம் இரு நாடுகளின் இணைப்புக்கான பிரசாரமாயிற்று.

இங்கிலாந்தில் மலை நிலங்கள் நிலப்பிரபுக்களின் வேட்டைக்காடுகளாக வேலியிடப்பட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24 ஆம் திகதி பென்னி றொத்மன் என்னும் இளம் கம்யூனிஸ்ற்றின் தலைமையில், மான்செஸ்ரர்ப் பகுதித் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுற் மேட்டுநிலத்தில் ஏறினர். ஐவர் சிறை சென்றனர். அதே பகுதியின் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து பின்னாளில் ஜோ பிரவுண், டொன் வில்லன்ஸ் ஆகியோர் தோன்றினர். 1955 இல் கஞ்சன்ஜங்காவை முதலில் ஏறிய குழுவினருள் பிரவுணும் ஒருவர்.

போலந்தின் ஏற்றவீரர்கள் தொழிற்சாலைப் புகைபோக்கிகளிற் கயிற்றில் தொங்கி வண்ணம் பூசிப் பணம் சேர்த்தனர். 1980 பெப்ரவரி 17 ஆம் திகதி எவரெஸ்ற்றைக் குளிர்காலத்தில் முதன்முதலாக ஏறியவர்கள் அந்நாட்டவர்களே. சோவியத் ஒன்றியம் மலையேற்றத்தைப் பொதுமக்கள் விளையாட்டாக வளர்த்தது. அதே அரசு 1938 இல் விற்றாலி அபலகோவ் என்ற தன் தலைசிறந்த ஏற்றவீரரைப் பொய்க் குற்றச்சாட்டில் சிறைவைத்தது. இவ்விரண்டையும் ஒருங்கே கூறுவதே வரலாற்றுக்கு நேர்மையானது.

5

உழைப்புப் பிரிவினை மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் இமயமாகும். ஷெர்பா என்பது ஒரு தொழிற்பெயரன்று. நேபாளத்தின் கிழக்குப் பகுதியில் வாழும் ஒரு மக்களினத்தின் பெயர். கால்நடை வளர்ப்பும் உருளைக்கிழங்குச் செய்கையும் திபெத்துடனான வணிகமும் அவர்களின் வாழ்வாதாரமாயிருந்தன. கூலி தேடி டார்ஜிலிங் சென்றோரைப் பிரித்தானியப் பயணக்குழுக்கள் சுமைதூக்கிகளாக அமர்த்தின. 1922 இல் எவரெஸ்ற்றில் பனிச்சரிவில் சிக்கி இறந்த எழுவரும் சுமைதூக்கிகளே. ஓர் இனத்தின் பெயர் உலக மொழிகளிற் சுமைதூக்குபவனைக் குறிக்கும் சொல்லாக மாறியமை குடியேற்ற ஆதிக்கத்தின் மொழிச்சான்றாகும்.

1953 வெற்றியின் பின் ஹிலரிக்கும் குழுத்தலைவர் ஹண்டுக்கும் ‘சேர்’ பட்டம் கிடைத்தது. டென்சிங்கிற்குக் கிடைத்தது ஒரு பதக்கம். 1954 இல் கே-2 சிகரத்தை இத்தாலியர் அடைந்தபோது, அவர்களுக்காக ஒட்சிசன் சுமந்து சென்ற ஹுன்சாவைச் சேர்ந்த அமீர் மெஹ்தி, வால்ரர் பொனாற்றியுடன் 8,000 மீற்றருக்கு மேல் கூடாரமின்றி ஓரிரவைக் கழித்தார். பனிக்கடுப்பினால் அவர் கால்விரல்கள் அகற்றப்பட்டன. அவ்விரவின் உண்மையை இத்தாலிய அல்பைன் கழகம் ஏற்பதற்கு அரை நூற்றாண்டு சென்றது.

1990 களின் பின் எவரெஸ்ற் வணிகப் பண்டமாயிற்று. கட்டணம் செலுத்தியோரை உச்சிக்கு அழைத்துச்செல்லும் நிறுவனங்கள் பெருகின. முற்றுகைப் பாணியின் கூம்பகம் மாறவில்லை. அதன் நுனியில் அரசின் கொடிக்குப் பதிலாக வாடிக்கையாளர் நிற்கின்றார். கும்பு பனிவீழ்ச்சியே அவ்வழியின் பேராபத்தான பகுதி. வாடிக்கையாளர் அதனைச் சில தடவைகளே கடப்பார். சுமையுடன் செல்லும் தொழிலாளியோ ஒரு பருவத்திற் பல தடவை கடப்பார். ஆபத்து என்பது இயற்கையானது. ஆனால் அதன் பங்கீடு சமூகத்தால் தீர்மானிக்கப்படுகின்றது.

2014 ஏப்ரல் 18 ஆம் திகதி அப்பனிவீழ்ச்சியில் 16 நேபாளத் தொழிலாளர் இறந்தனர். ஒவ்வொரு குடும்பத்திற்கும் 40,000 நேபாள ரூபா வழங்குவதாக அரசு முதலில் அறிவித்தது. தொழிலாளர் அதனை ஏற்க மறுத்து, உயர்ந்த இழப்பீட்டையும் காப்புறுதியையும் கோரினர். அப்பருவத்தில் மேலேற மறுத்தனர். நேபாளப் பக்கத்து ஏற்றம் ஏறத்தாழ முற்றாக நின்றது. யாருடைய உழைப்பில் எவரெஸ்ற் ‘வெல்லப்படுகின்றது’ என்பதை அவ்வேலைமறுப்பு உலகறியச் செய்தது.

2021 சனவரி 16 ஆம் திகதி, அதுவரை குளிர்காலத்தில் எவரும் ஏறாதிருந்த கே-2 சிகரத்தைப் பத்து நேபாளியர் அடைந்தனர். உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, தமது நாட்டுப்பண்ணைப் பாடியவாறு ஒன்றாகவே உச்சியை மிதித்தனர். முதலில் மிதித்தவர் யார் என்ற வினாவுக்கே அவர்கள் இடம் வைக்கவில்லை.

6

முற்றுகைப் பாணியை இழிந்ததென்றும் அல்பைன் பாணியே தூயதென்றும் கொள்ளும் போக்கு ஏற்றவீரர் மத்தியில் வலுவாக உள்ளது. 1978 இல் மெஸ்னரும் ஹபெலரும் ஒட்சிசனின்றி எவரெஸ்ற்றை அடைந்ததும், 1980 இல் மெஸ்னர் தனியே ஏறியதும் இப்போக்கிற்குப் பெருமை சேர்த்தன. தன் சுமையைத் தானே சுமப்பது நேர்மையானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இத்தூய்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளின், கும்புப் பள்ளத்தாக்கின் தொழிலாளிக்கு அதனால் யாது பயன்? 1959 இன் பின் திபெத்திய வணிகம் நலிந்துபோக, அவர் குடும்பத்திற்கு எஞ்சியது இக்கூலியே. சுமைதூக்கியை அகற்றுவது அவர் வேலையை அகற்றுவதேயன்றி அவர் விடுதலையாகாது.

எனவே மலையேற்றத்தின் வடிவங்களை மதிப்பிடுகையில் உயரத்தையும் கடினத்தையும் பாணியையும் மட்டுமன்றி, மூன்று வினாக்களையும் நாம் எழுப்பவேண்டும். சுமையைத் தூக்கியவர் யார்? ஆபத்தின் பெரும்பங்கு எவருக்குச் சென்றது? ஏட்டில் எவருடைய பெயர் எழுதப்பட்டது? இம்மூன்றிற்கும் விடை ஒன்றாயிருக்கும் ஏற்றங்கள் இன்றும் சிலவே. கே-2 அவற்றுளொன்று. 2014 இன் வேலைமறுப்போ, விடைகள் வேறுபடும் இடத்தில் ஊதியமும் காப்புறுதியும் உரிமைகளாகக் கோரப்படவேண்டும் என்பதைக் காட்டிற்று. இவ்விளையாட்டின் மனிதத்தன்மை இனி எத்திசையில் வளரும் என்பது, அக்கோரிக்கைகளை மலையின் அடிவாரத்து மக்கள் எவ்வளவு தூரம் வென்றெடுக்கின்றனர் என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது எனலாம்.